நாலே நாலு க்ளிக்ல ஒரு கச்சேரி: வில்லியம் காட்லிப் வழியில லைவ் மியூசிக் போட்டோ எடுக்குறது எப்படி

ஜாஸ் பக்கமே போகாதவங்க கூட பாடகி பில்லி ஹாலிடேயோட அந்த ஒரு போட்டோவ எங்கயாவது பாத்திருப்பீங்க. தலை லேசா பின்னாடி சாஞ்சு, வாய் திறந்து, கண்ணு பாதி மூடி, சுத்தி ஒரே இருட்டு. 1947 பிப்ரவரி வாக்குல நியூயார்க்ல டவுன்பீட்னு ஒரு கிளப்புல எடுத்தது. படம் உலகம் பூரா சுத்திருச்சு, எடுத்தவர் பேரு மட்டும் அவ்வளவா சுத்தல. வில்லியம் காட்லிப்.

இவரு தொழில்முறை போட்டோகிராஃபரே கிடையாதுங்க, எழுதுறவரு. 1917ல ப்ரூக்ளின்ல பொறந்து, லீஹை யுனிவர்சிட்டில எகனாமிக்ஸ் படிச்சவரு. அங்க ஹாஸ்டல் மாதிரி ஒரு எடத்துல சரியா வேகாத பன்றிக்கறி சாப்பிட்டு உடம்புக்கு முடியாம படுத்துட்டாரு, அப்ப அடிக்கடி பாக்க வந்த ஃப்ரெண்ட் ஒருத்தர்தான் ஜாஸ் பைத்தியத்த ஏத்திவிட்டுட்டுப் போனது. அப்புறம் வாஷிங்டன் போஸ்ட்ல விளம்பரப் பிரிவுல வேலைக்குச் சேந்து, கூடவே வாராவாரம் ஜாஸுக்குன்னு ஒரு பத்தி எழுத ஆரம்பிச்சாரு. பேப்பர்க்காரங்க கொஞ்ச நாள்லயே 'இதுக்கெல்லாம் போட்டோகிராஃபர் அனுப்ப காசு இல்ல'ன்னுட்டாங்க. சரின்னு ஸ்பீட் கிராஃபிக்ங்கிற பெரிய பத்திரிகை கேமராவ இவரே தூக்கிட்டாரு. ஃபிலிமும் ஃப்ளாஷ் பல்பும் சொந்தக் காசு, அதனால ஒரு நிகழ்ச்சிக்கு மூணு இல்லன்னா நாலு படம்தான், அதுக்கு மேல கையில தெம்பு இல்ல.

இந்த மூணு நாலு படம்ங்கிற விஷயத்த வச்சுதான் இந்த கைடு மொத்தமும். அவர நெனச்சுப் பாக்குறதுக்கு பொறந்த நாள் போஸ்ட் போடுறத விட, அவரு மாதிரி ஒரு ராத்திரி உக்காந்து எடுத்துப் பாக்குறது எவ்வளவோ மேல்னு எனக்குத் தோணுது. கேமரா இருந்தா நல்லது, போனா இருந்தாலும் ஓகே.

மொதல்ல அவரோட படங்கள எறக்குங்க

இது இலவசம், சட்டப்படியே இலவசம், அதுதான் இதுல சூப்பர். 1995ல அமெரிக்காவோட லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் அவர்கிட்ட இருந்து 1,600 படத்துக்கு மேல வாங்குச்சு. அவரு ஆசைப்பட்ட மாதிரியே 2010 பிப்ரவரி 16ல இருந்து அது எல்லாம் காப்புரிமை இல்லாத பொதுச்சொத்து. அவரு 2006 ஏப்ரல்ல தவறிட்டாரு, தன் படம் எல்லாரும் எடுத்துப் பயன்படுத்துற மாதிரி ஆனத அவரு பாக்கல. லைப்ரரி சைட்ல அவரு பேரையும் ஜாஸ்னும் இங்கிலீஷ்ல போட்டுத் தேடுனா மொத்தமா வந்துரும், ஃப்ளிக்கர்லயும் லைப்ரரியே ஏத்தி வச்சிருக்காங்க. ஜேபெக் சைஸ் சின்னதா இருந்தா டிஃப் ஃபைல எடுங்க, பெருசு பண்ணிப் பாக்கணும், அதுல ஸ்கேன் பண்ணும்போது விழுந்த தூசி கூடத் தெரியும்.

எல்லாத்தையும் எறக்காதீங்க, தலை சுத்தும். இந்த ஏழ மட்டும் எடுத்து வச்சுக்கோங்க: பில்லி ஹாலிடே (டவுன்பீட், 1947), மிண்டன்ஸ் ப்ளேஹவுஸ் கிளப்புல பியானோக்காரர் தெலோனியஸ் மாங்க் (1947 செப்டம்பர் வாக்குல), த்ரீ டியூசஸ்ல சார்லி பார்க்கரும் மைல்ஸ் டேவிஸும் (1947 ஆகஸ்ட் வாக்குல), பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டும் ட்ரம்பெட்காரர் டிஸ்ஸி கில்லெஸ்பியும் (டவுன்பீட், 1947 செப்டம்பர் வாக்குல), பாரமவுண்ட் தியேட்டர் மேக்கப் ரூம்ல பேண்ட் தலைவர் டியூக் எலிங்டன் (1946), அக்வேரியம் கிளப்புல கித்தார்காரர் ஜாங்கோ ரைன்ஹார்ட் (1946 நவம்பர் வாக்குல), கடைசியா நியூயார்க்ல ஜாஸ் கிளப்புங்க இருந்த 52வது தெருவோட கலர் படம் (1948 ஜூலை வாக்குல).

எப்படிப் பாக்குறது

ஒவ்வொரு படத்துலயும் மூணு கேள்வி கேளுங்க. லைட் எங்க இருந்து வருது, எடுத்தவரு எங்க நின்னாரு, அந்த நேரத்துல பாட்டுல என்ன நடந்திருக்கும். மூணாவதுதான் முக்கியம், ஆனா மொத ரெண்டும் தெரியாம மூணாவதுக்குப் போக முடியாது.

லைட்டுக்கு நெழல பாருங்க. மூக்கு நெழல் எந்தப் பக்கம் விழுது, தாடைக்குக் கீழ எவ்வளவு கறுப்பா இருக்கு, அவ்வளவுதான். ஃப்ளாஷ் கேமராவோட ஒட்டி இருந்தா மூஞ்சி தட்டையா வெள்ளையா இருக்கும், பின்னாடி செவுத்துல ஒரு அசிங்கமான நெழல் விழும். ஓரமா இருந்து வந்தா கன்னம், தொண்டை நரம்பு எல்லாம் செதுக்குன மாதிரி வரும். அவரு ஏன் ஃப்ளாஷ் போட்டாரு, இப்ப ஏன் கூடாதுன்னா, அப்ப இருந்த ஃபிலிமோட வேகம், அதாவது கம்மி வெளிச்சத்துல படம் பிடிக்கிற சக்தி, இன்னைக்கு ஐஎஸ்ஓ கணக்குல 100, 200 அந்த ரேஞ்ச்தான். இப்ப சாதாரண கேமராலயே 6400 வரைக்கும் தைரியமா போலாம், 100ல இருந்து பாத்தா 64 மடங்கு. கிளப் லைட்டே போதும். அதனால ஃப்ளாஷ கழட்டி வீட்டுலயே வச்சிட்டுப் போங்க, வாசிக்கிறவங்க கண்ணுல அடிச்சு அவங்க சுதி மாறுனா நம்ம போட்டோ எவ்வளவு நல்லா வந்து என்ன பிரயோஜனம்.

எடத்தப் பத்தி சொல்லணும்னா, 52வது தெருல இருந்த அந்த கிளப்பெல்லாம் பழைய வீடுகளோட கீழ்த்தளம், நீளமா குறுகலா சின்ன ரூம். மேடைக்கும் மேசைக்கும் நடுவுல ஆள் நடக்கவே எடம் பத்தாது. அதனாலதான் அவரு படத்துல ஆளுங்க இவ்வளவு கிட்டத்துல இருக்காங்க. பெரிய லென்ஸ் வாங்கி கடைசி வரிசைல இருந்து இழுத்தா இந்த நெருக்கம் வராதுங்க, மூஞ்சி பெருசா வரும், நெருக்கம் வராது, ரெண்டும் வேற வேற.

இப்ப அந்த எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் படத்துக்கு வாங்க, எனக்கு எல்லாத்துலயும் புடிச்சது இதுதான். பாடுறது அவங்க, ஆனா உங்க கண்ணு பக்கத்துல நிக்கிற டிஸ்ஸி மேல போகும், அவரு அவங்கள பாக்குற பார்வை அப்படி, காதல்ல விழுந்தவன் மாதிரி. பின்னாடி பேஸ் வாசிக்கிறவரு ரே ப்ரவுன். அதே வருஷம் டிசம்பர்ல எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் கல்யாணம் பண்ணிக்கிட்டது ரே ப்ரவுனத்தான்! இது தெரிஞ்சப்புறம் படத்த திரும்பப் பாருங்க, சிரிப்பு வரும். இதுல கத்துக்கவேண்டியது என்னன்னா பாடுறவங்கள மட்டும் வெட்டி எடுக்காதீங்க, கேக்குறவன் மூஞ்சிலயும் பாட்டு இருக்கு. பார்க்கர் படத்துலயும் இதேதான், முன்னாடி பார்க்கர் சாக்ஸ், கூட ட்ரம்பெட்டோட நிக்கிற பொடியன் மைல்ஸ் டேவிஸ், அப்ப வயசு 21. அன்னைக்கு அந்த ரூம்ல உக்காந்திருந்தவங்களுக்கு அவரு பார்க்கர் க்ரூப்ல ஒரு ஆளு, அவ்வளவுதான்.

ஜாங்கோ படத்துல மூஞ்சிய விட்டுட்டு எடது கைய பாருங்க. 1928ல அவரு தங்கியிருந்த வண்டி தீப்பிடிச்சு மோதிர விரலும் சுண்டு விரலும் சரியா வேல செய்யாம போச்சு, மிச்ச ரெண்டு விரல வச்சுதான் அந்த சோலோ (தனி ஆளா வாசிக்கிறது) எல்லாம். கித்தார்காரங்கள எடுக்கும்போது கை ஃப்ரேமுக்குள்ள வந்தே ஆகணும்ங்கிறதுக்கு இதவிட வேற காரணம் வேணுமா. எலிங்டன் படம் மேடையே கிடையாது, மேக்கப் ரூம் கண்ணாடில தெரியுற உருவம். இன்டர்வெல்ல கேமராவ மூடி பைல போட்டுட்டு டீ குடிக்கப் போறவங்களுக்கு இந்த படத்த காட்டணும்.

இப்ப எடுக்கலாம்

மொத வேலை, யாரு வாசிக்கிறாங்கன்னு ரெண்டு நாள் முன்னாடியே தெரிஞ்சுக்கிட்டு அவங்க ரெக்கார்டிங்க கேளுங்க. காட்லிப்கிட்ட இருந்த ஒரே பெரிய அட்வான்டேஜ் இதுதான், கேமரா எல்லார்கிட்டயும் இருந்துச்சு, அவருக்கு பாட்டு தெரியும். 1947ல மாங்க் பத்தி டவுன் பீட் பத்திரிகைல (அந்த கிளப் இல்ல, இது ஜாஸ் பத்திரிகை) எழுதுனதே அவருதான், ரெண்டு பேருமா நியூயார்க்ல ஹார்லெம்ங்கிற பகுதில இருக்குற மிண்டன்ஸுக்குப் போய்தான் அந்த படங்கள எடுத்தாரு. முன்னப்பின்ன தெரியாத ஆளு முன்னாடி மாங்க் அப்படி இயல்பா உக்காந்திருப்பாரான்னு எனக்கு சந்தேகம்தான்.

ஜாஸ்னா ஒரு சின்ன கணக்கு தெரிஞ்சா போதும். நெறைய பழைய பாட்டுங்க 32 பார் (தாளத்தோட ஒரு சுத்துதான் ஒரு பார்), எட்டு எட்டா நாலு துண்டு, மொத ரெண்டும் கடைசியும் ஒரே மெட்டு, மூணாவது மட்டும் வேற மெட்டு. மொதல்ல எல்லாரும் சேந்து மெட்ட வாசிப்பாங்க, அப்புறம் ஒவ்வொருத்தரா அதே 32 பார் மேல சோலோ, கடைசில திரும்ப மெட்டு. விரல்ல எண்ணிக்கிட்டே இருந்தீங்கன்னா சோலோ எப்ப முடியும்னு ஓரளவு முன்கூட்டியே தெரிஞ்சுரும். சோலோ முடியுற எடம் இருக்கே, அதுதான் புதையல். வாசிச்சவரு ஒரு அடி பின்னாடி போவாரு, அடுத்த ஆளப் பாத்து தலையாட்டுவாரு, யாராவது சிரிப்பாங்க, கைதட்டு விழும். நடுவுல வர்ற வேகமான எடத்துல எல்லாரும் க்ளிக் பண்ணுவாங்க, அங்க மூஞ்சில பெரும்பாலும் கஷ்டம் மட்டும்தான் இருக்கும். சில பாட்டுல கடைசி மெட்டுக்கு முன்னாடி ட்ரம்ஸ்காரருக்கும் மத்தவங்களுக்கும் நாலு நாலு பாரா மாத்தி மாத்தி போகும், அப்ப ட்ரம்ஸ் பக்கம் போய்டுங்க, மத்த நேரத்துல அவரு சிம்பல் தட்டுக்குப் பின்னாடி ஒளிஞ்சுதான் இருப்பாரு.

கேமரா செட்டிங் வேகமா சொல்லிடுறேன். மேனுவல் மோட்ல லென்ஸ எவ்வளவு தொறக்க முடியுமோ தொறங்க, எஃப் 2.8 இல்லன்னா அதுக்கும் கீழ, 50 எம்எம் 1.8 லென்ஸ்தான் இருக்குறதுலயே காசு கம்மியான நல்ல வழி. ஷட்டர் பாடுறவங்களுக்கு 1/125 போதும், சாக்ஸ், ட்ரம்பெட்டுக்கு 1/200, ட்ரம்ஸ் குச்சி உறைஞ்சு நிக்கணும்னா 1/500க்கு மேல, இல்ல குச்சி மட்டும் கலங்கலா வேணும்னா 1/60 போட்டு கைய ஆட்டாம எடுங்க. ஐஎஸ்ஓ 1600ல ஆரம்பிச்சு தேவைக்கு ஏத்துங்க. வெளிச்சம் அளக்குற மீட்டர ஸ்பாட்ல போட்டு, மூஞ்சில வச்சு அளங்க, ஏன்னா பின்னாடி இருட்டப் பாத்து கேமரா ஏமாந்து மூஞ்சிய வெள்ளையா எரிச்சிரும். ரா ஃபைல்ல (கேமரா பதிஞ்சத சுருக்காம அப்படியே வச்சிருக்குற ஃபைல்) எடுங்க, இது முக்கியம், இப்ப எல்லா எடத்துலயும் சிவப்பு நீல எல்இடிதான், சிவப்பு லைட்ல மூஞ்சி தக்காளி மாதிரி ஆகி விவரமே இருக்காது, வெளிச்சத்த பாதி ஸ்டாப் கம்மியா வச்சு எடுத்து அப்புறம் கறுப்பு வெள்ளையா மாத்துனா ஓரளவு காப்பாத்தலாம். படத்துல கோடு கோடா பட்டை விழுந்தா அதுவும் எல்இடி வேலைதான், சைலண்ட் ஷட்டர ஆஃப் பண்ணிட்டு மெக்கானிக்கல்ல போடுங்க, அப்பவும் வந்தா 1/100க்கு எறங்குங்க. சைலண்ட் இல்லன்னா சத்தம் கேக்குமேன்னு கவலைப்படுறீங்களா, ஸ்லோ பாட்டுல க்ளிக் பண்ணாதீங்க, கைதட்டுல பண்ணுங்க.

போன்னா ஃப்ளாஷ் ஆஃப், மூஞ்சிய அழுத்திப் பிடிச்சு எக்ஸ்போஷர லாக் பண்ணிட்டு வெளிச்சத்த கீழ இழுங்க, ரெண்டு விரல்ல ஜூம் பண்ணாதீங்க, கிட்ட போக முடியாதுன்னா சின்னதாவே எடுங்க. ஸ்க்ரீன் ப்ரைட்னஸ சுத்தமா கொறச்சிருங்க, பின்னாடி உக்காந்திருக்குறவங்க சாபம் சும்மா விடாது.

நிக்கிற எடம். பாடுறவங்களுக்கு நேர் எதிர நின்னா மைக்கு வாய மறைச்சிரும், கொஞ்சம் பக்கவாட்டுல போங்க. எந்தப் பக்கம்னா மைக் புடிச்ச கைக்கு எதிர்ப்பக்கம். பியானோ பெரும்பாலும் நமக்கு எடது பக்கம் வச்சிருப்பாங்க, அந்தப் பக்கமா நின்னா கையும் மூஞ்சியும் சேந்து கெடைக்கும், ஆனா ரொம்ப ஓரமா போனா முதுகுதான். டபுள் பேஸ்னா கேமராவ நிமித்திப் பிடிங்க, அது ஆள விட ஒசரம். ட்ரம்பெட், சாக்ஸ் வாய் பக்கம் ஸ்பாட் லைட் பட்டு பளிச்னு எரியுற எடம் ஒண்ணு இருக்கும், அரை அடி நகந்தா போய்டும், நகருங்க.

இப்ப அந்த ரூல். மொத பாதில கேமராவ தொடவே தொடாதீங்க, கேளுங்க, யாரு எப்ப கண்ண மூடுறாங்க, யாரு யாரப் பாத்து சிரிக்கிறாங்கன்னு பாருங்க. மனுசங்க வாசிக்கும்போது செஞ்சதையே செய்வாங்க, ரெண்டு பாட்டுல புரிஞ்சிரும். ரெண்டாவது பாதில நாலே படம். ஒரே அழுத்துல வரிசையா படம் எடுக்குற பர்ஸ்ட் மோட ஆஃப் பண்ணுங்க, எடுத்த படத்த திருப்பிப் பாக்குறதும் கூடாது, ஸ்க்ரீன மூடிருங்க. ஸ்பீட் கிராஃபிக்ல ஒரு ஹோல்டர்ல ரெண்டு ஷீட் ஃபிலிம், முன்பக்கம் ஒண்ணு பின்பக்கம் ஒண்ணு. ஒரு படம் எடுத்தா ஃபிலிம வெளிச்சம் படாம மறைக்கிற தகட்ட சொருகணும், ஹோல்டர கழட்டித் திருப்பணும், திரும்ப தகட்ட உருவணும், ஷட்டர ஏத்தணும், எரிஞ்சுபோன பல்ப கழட்டி புதுசு மாட்டணும், அந்த பல்பு சூடா வேற இருக்கும். இதெல்லாம் செஞ்சு முடிக்கிறதுக்குள்ள அந்த நிமிஷம் போயே போச்சு. அதனால அந்த நிமிஷம் வர்றதுக்கு முன்னாடியே அவரு தயாரா காத்துட்டு இருக்கணும்.

ஆயிரம் படம் எடுத்து அதுல நல்லதப் பொறுக்கிக்கலாம்னு சொல்றவங்க இருக்காங்க, பத்திரிகைக்கு வேல பாக்குறவங்களுக்கு அது சரியா இருக்கலாம், நான் அத தப்புன்னு சொல்லல. ஆனா ஆயிரம் படம் எடுக்குறவன் கண்ண கேமராவுலயே வச்சிருப்பான், பாட்டு அவன் காதுல விழாது, விழுந்தாலும் பதியாது.

இன்னொரு வழியும் இருக்கு, ஹெர்மன் லியோனார்ட் வழி. அவரும் அதே காலம், அதே ஊர், 1948ல ராயல் ரூஸ்ட் கிளப்புல எடுத்த டெக்ஸ்டர் கார்டன் படம், சிகரெட் புகை மேல மேகம் மாதிரி சுருண்டு நிக்குமே, அது அவரோடது. அவரு ஸ்ட்ரோப் லைட்ட (பளிச்னு மின்னி அணையுற லைட்) தானே கொண்டுபோய் முன்னாடி ஒண்ணு, ஆளுக்குப் பின்னாடி ஒண்ணுன்னு வச்சாரு, பின்னாடி லைட்டுதான் புகைய எழுப்பிக் காட்டுது. அழகுன்னா அவருதான், ஒத்துக்குறேன். ஆனா நமக்கு மேடைல லைட் வைக்க யாரும் விடமாட்டாங்க, அதனால அவருகிட்ட எடுத்துக்கவேண்டியது ஒண்ணுதான், மேடைல பின்னாடி இருந்து அடிக்கிற ஸ்பாட் எதுன்னு பாத்து அந்த லைட் ஆளோட தலைக்குப் பின்னாடி மறையுற மாதிரி நின்னுக்கோங்க, முடிக்கும் தோளுக்கும் ஒரு வெள்ளிக் கோடு வரும்.

வீட்டுக்கு வந்து

அன்னைக்கு ராத்திரியே பேர் எழுதுங்க. படத்த விட இது பெருசுன்னு சொல்லுவேன். காட்லிப் கலெக்ஷன் இன்னைக்கு இவ்வளவு பேருக்கு உதவுதுன்னா ஒவ்வொண்ணுலயும் ஆளு பேரு, கிளப் பேரு, ஊரு, மாசம், வருஷம் இருக்குறதுனாலதான், நாள் உறுதியா தெரியாத எடத்துல 'வாக்குல'ன்னு நேர்மையா போட்டிருக்காங்க. மிண்டன்ஸ் வாசல்ல எடுத்த படத்துல மாங்க், ஹோவர்ட் மெகீ, ராய் எல்ட்ரிட்ஜ், கிளப் மேனேஜர் டெடி ஹில்னு நாலு பேரு பேரும் இருக்கு. பேர் இல்லன்னா அது நாலு பேரு ரோட்டுல நிக்கிற படம். நீங்க எழுதும்போது எடதுல இருந்து வலதுக்கு பேரு, வாசிக்கிற கருவி, எடம், தேதி, முடிஞ்சா அப்ப என்ன பாட்டு ஓடுச்சுன்னும் போடுங்க. ட்ரம்ஸ்காரர் பேரு போஸ்டர்ல இருக்காது, எறங்கி வரும்போது கேட்ருங்க, கேட்டா சந்தோஷப்படுவாங்க. இதெல்லாத்தையும் ஃபைலோட மெட்டாடேட்டாவுலயே ஏத்துங்க, வாட்ஸ்அப்ல அனுப்புனா அது காணாமப் போயிரும், அதனால ஒரு டெக்ஸ்ட் ஃபைல்லயும் தனியா வைங்க, காப்பி ரெண்டு எடத்துல.

நாலு படத்துல ஒண்ணு தேறுனாலே நல்ல ராத்திரி. மிச்சத்த அழிக்காதீங்க, வச்சிருங்க. காட்லிப் 1948லயே ஜாஸ் வேலைய விட்டுட்டு, குடும்பத்தோட இருக்கணும்னு பள்ளிக்கூடத்துல பாடத்துக்குக் காட்டுற ஃபிலிம் ஸ்ட்ரிப் தயாரிக்கப் போய்ட்டாரு, குழந்தைங்களுக்கு புத்தகம் எழுதுனாரு. படமெல்லாம் முப்பது வருஷத்துக்கு மேல சும்மா கெடந்து 1979லதான் புத்தகமா வந்துச்சு. 1994, 1995ல அமெரிக்க தபால்துறை போட்ட ஸ்டாம்புல பில்லி ஹாலிடே, சார்லி பார்க்கர் உட்பட நாலு பேரோட உருவம் இவரு எடுத்த படத்த வச்சு வரைஞ்சது. கல்லூரி முடிச்சதுல இருந்து பத்து வருஷம், அதுலயும் பட்டாளத்துல போன காலம் போக, மிச்சம்தான் அவரோட ஜாஸ் வாழ்க்கை மொத்தமும்.

வாசிச்சவங்களுக்கு ஒரு காப்பி அனுப்பிருங்க, படத்து மேல உங்க பேர் போடாம, வாட்டர்மார்க் போடாம. மத்தவங்களும் பயன்படுத்தட்டும்னு நெனச்சா க்ரியேட்டிவ் காமன்ஸ் லைசன்ஸ்ல போடலாம், ஆனா அதுக்கு முன்னாடி அவங்க கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. இன்னொண்ணு, காட்லிப் படத்துக்கு காப்புரிமை இல்லன்னாலும் படத்துல இருக்குறவங்களோட பேரு, முகத்துக்கு உரிமை தனியா இருக்கலாம். டெஸ்க்டாப் வால்பேப்பருக்கோ, வீட்டுச் செவுத்துக்கோ, கட்டுரைக்கோ பிரச்சினை இல்ல. டீ-ஷர்ட் அடிச்சு விக்கப் போறீங்கன்னா லைப்ரரி சைட்ல உரிமை பத்தி ஒரு பக்கம் இருக்கு, அத படிச்சிட்டு எறங்குங்க.